சர்வர்! சர்வர்! – ஒரு கூப்பாட்டின் வரலாறு

நம்ம ஊரில் "சர்வர்" என்ற சொல்லை இரண்டு இடங்களில் கேட்கலாம். ஒன்று ஹோட்டல். 1964-ல் நாகேஷ் நடித்து 'சர்வர் சுந்தரம்' வந்ததற்கு முன்பிருந்தே இலை போட்டு சாம்பார் ஊற்றுகிறவர்தான் சர்வர். இன்னொன்று, கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எந்த அலுவலகமும். அங்கே இந்தச் சொல் தனியாக வராது, "டவுன்" என்று ஒரு வாலோடுதான் வரும். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்குகிற நேரத்தில், சிட்டா நகல் எடுக்க நடுக்காவேரியிலிருந்து பஸ் ஏறி திருவையாறு வருகிற ஒருவரிடம் "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்று சொல்வது இரண்டு நொடி வேலை. அவருக்கு அது ஒரு நாள் வயல் வேலை, இரண்டு பஸ் டிக்கெட், நாளைக்காவது கிடைக்குமா என்ற கவலை.

ஆனால் "சர்வர் டவுன்" என்று சொல்லப்படும் பல நேரங்களில் சர்வர் நன்றாகத்தான் இருக்கும். எதிரில் இருக்கும் மெஷினுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போயிருக்கும். அல்லது (இதுதான் மோசம்) வேறு யாரையோ சர்வர் என்று நம்பி அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு கம்ப்யூட்டர் தன் சர்வரை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது, அது தப்பாகப் போனால் எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்கு ஐம்பது வருஷ வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பாதி யுனிக்ஸின் கதை. சின்னதாக ஒரு பகுதி சென்னையிலும் நடந்திருக்கிறது.

பி.காம் படிக்கிறவனுக்கு இது எதுக்குடா என்று கேட்பவர்களுக்கு: ஆடிட்டர் ஆபீசிலும் கிளையன்ட் உண்டு, நெட்வொர்க்கிலும் கிளையன்ட் உண்டு. இரண்டு இடத்திலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான், "என் வேலையை யார் பார்க்கிறாங்க?" :-)

முதலில் அமெரிக்கா போவோம். 1970-களில் அர்பாநெட் என்ற வலையில் சில நூறு கணினிகள்கூட இல்லை. எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல், மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரே ஒரு கோப்பாக இருந்தது. ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட் என்று பெயர். அதைப் பராமரித்த தகவல் மையத்தை எலிசபெத் ஃபெயின்லர் என்ற பெண்மணி நடத்தினார். புதுக் கணினி சேர்க்க வேண்டும் என்றால் அவர்களிடம் சொல்ல வேண்டும், அவர்கள் எழுதிச் சேர்ப்பார்கள், மற்ற எல்லோரும் அவ்வப்போது ஒரு பிரதி எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் ஹெட் ஆபீசில் ஒரே லெட்ஜர், கிளைகளில் அதன் பழைய பிரதிகள். கிளை எண்ணிக்கை கூடினால் இது என்ன ஆகும் என்று முதலாம் ஆண்டு மாணவனுக்கும் தெரியும்.

1983 நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ் இதற்கு ஒரு மாற்று எழுதினார் (ஆர்.எஃப்.சி. 882, 883). அதுதான் டி.என்.எஸ். ஒரே லெட்ஜர் கிடையாது, பொறுப்பைப் பிரித்துக் கொடுத்துவிடுவது. டெல்டாக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கல்லணையில் ஷட்டர் திறக்கிறவருக்கு என் மாமா வயல் எங்கே இருக்கிறது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். காவிரிக்கு இது, வெண்ணாற்றுக்கு இது, புது ஆற்றுக்கு இது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும். அடுத்த தலைப்பில் இருப்பவர் தன் வாய்க்கால்களைப் பார்த்துக்கொள்வார். அதே மாதிரி உச்சியில் இருக்கும் ரூட் சர்வருக்கு ".இன்" என்ற இந்தியப் பெயர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மட்டும் தெரியும். அங்கே போய்க் கேட்டால் அடுத்தவரைக் காட்டுவார்கள். இப்படியே கடைமடை வரைக்கும்.

இதை யுனிக்ஸில் நடைமுறைக்குக் கொண்டு வந்தவர்கள் மாணவர்கள். பெர்க்லியில் நான்கு பட்டமேற்படிப்பு மாணவர்கள் 1984-ல் எழுதிய மென்பொருள்தான் பைண்ட். பிறகு எத்தனையோ கை மாறி, எத்தனையோ முறை திருத்தி எழுதப்பட்டு, இன்றும் ஓடுகிறது. (நாங்கள் மூன்று வருஷத்தில் எழுதுவது அசைன்மென்ட் மட்டும்தான்.)

பழைய ஹோஸ்ட்ஸ் கோப்பும் சாகவில்லை. எந்த லினக்ஸ் மெஷினிலும் 'இடிசி' அடைவுக்குள் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் அதன் பேரன் உட்கார்ந்திருக்கிறான். வழக்கமாக மெஷின் முதலில் இவனைத்தான் கேட்கும், இவனிடம் இல்லை என்றால்தான் வெளியே டி.என்.எஸ்.ஸிடம் போகும். ஏதோ ஒரு அவசரத்துக்கு யாரோ ஒரு எண்ணை அதில் எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டு வருஷம் கழித்து சர்வர் வேறு எண்ணுக்கு மாறும். அறையில் எல்லா மெஷினும் வேலை செய்யும், இது மட்டும் செய்யாது. அதுவும் "சர்வர் டவுன்" கணக்கில்தான் சேரும்!

இனி இந்தியா. எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலை 1986-ல் மத்திய அரசின் மின்னணுவியல் துறையும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து தொடங்கியது. எட்டு இடங்கள்: ஐந்து ஐ.ஐ.டி.கள் (நம் சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் உண்டு), பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி., மும்பையில் என்.சி.எஸ்.டி., டெல்லியில் அந்தத் துறையே. என்.சி.எஸ்.டி.யை நடத்திய சீனிவாசன் ரமணியைப் பின்னாளில், 2014-ல், இணையத்தின் புகழ்க்கூடத்தில் சேர்த்தார்கள்.

ஆரம்பத்தில் இவர்களிடம் எப்போதும் திறந்திருக்கும் இணைப்பு கிடையாது. யு.யு.சி.பி. என்ற யுனிக்ஸ் முறைதான். ஒரு மெஷின் இன்னொன்றுக்கு டெலிபோன் போட்டு, சேர்த்து வைத்த கடிதங்களைக் கொடுத்துவிட்டு, அங்கிருப்பதை வாங்கிக்கொண்டு வைத்துவிடும். இதில் மெஷின் தன் பக்கத்து மெஷினை எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒரு கோப்பில் அதன் பெயர், டெலிபோன் நம்பர், உள்ளே நுழைய வேண்டிய கடவுச்சொல் எல்லாம் எழுதி வைத்திருக்கும், அவ்வளவுதான். அதற்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று மெஷினுக்குத் தெரியாது. கடிதம் எழுதுகிற மனிதர்தான் வழி சொல்ல வேண்டும்: முதலில் இந்த மெஷின், ஒரு ஆச்சரியக்குறி, பிறகு அடுத்த மெஷின், இன்னொரு ஆச்சரியக்குறி... கடைசியில் ஆளின் பெயர். முகவரி என்பதே வழித்தடம். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, திருவையாறு பஸ் ஏறி, தெற்கு வீதியில் திரும்பி... என்று கவரின் மேல் எழுதுவது மாதிரி.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. யு.யு.சி.பி.யில் போனை எடுக்கும் மெஷின்தான் முதலில் பேசும். பல பதிப்புகளில் அது பேசும் முதல் வரியே "நான் இன்ன மெஷின்" என்ற அறிமுகம். கூப்பிட்ட மெஷின் பதிலுக்குத் தன் பெயரைச் சொல்லும். நாம் போன் எடுத்தால் செய்வது மாதிரியே! மெதுவான காலம், ஆனால் யார் பேசுகிறார் என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சு.

1989-ல் என்.சி.எஸ்.டி.யிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்த யு.யு.நெட்டுக்கு நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஒரு வாடகைத் தடம் வந்தது. இன்று ஒரு செல்போன் புகைப்படத்தை அதில் அனுப்பினால் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. அதே 1989-ல் ".இன்" இந்தியாவுக்குக் கிடைத்தது. அதன் பிறகு ஆச்சரியக்குறிகள் மெல்ல மறைந்தன. யு.யு.நெட்டை 1987-ல் ஆரம்பித்தவர் ரிக் ஆடம்ஸ். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவார்.

இதே 1980-களில் அலுவலகங்களுக்குள் வேறொரு பிரச்சினை. ஒரே கட்டிடத்தில் நாற்பது யுனிக்ஸ் மெஷின். நாற்பதிலும் பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வைப்பது முடிகிற காரியமா? சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1985 வாக்கில் "யெல்லோ பேஜஸ்" என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தப் பெயர் பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகச் சின்னம் என்பதால் பிறகு என்.ஐ.எஸ். என்று மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் கட்டளைகளின் தலையில் இருந்த "ஒய்பி" இன்றுவரை போகவில்லை. பட்டியலை ஒரு சர்வர் வைத்திருக்கும், மற்றவை அதைக் கேட்டுக்கொள்ளும்.

சரி, எந்த சர்வரைக் கேட்பது? இங்கேதான் ஹோட்டல் வருகிறது. மெஷின் எழுந்தவுடன் வலையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தும்: "இந்தக் குழுவுக்கு சர்வர் யாரு?" யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவரையே பிடித்துக்கொள்ளும். நாம் டேபிளில் உட்கார்ந்து "சர்வர்!" என்று குரல் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவர் வருவார் அல்லவா, அதே ஏற்பாடு. வசதியானதுதான். ஒருவர் லீவு போட்டாலும் இன்னொருவர் வருவார், யார் நம்பரையும் எழுதி வைக்க வேண்டாம்.

ஆனால் நாமாவது வருகிறவர் யூனிஃபார்ம் போட்டிருக்கிறாரா என்று பார்ப்போம். மெஷின் அதையும் பார்க்காது. குழுப் பெயரைத் தெரிந்துகொண்ட எவனும் தன் மெஷினிலிருந்து "நான்தான்" என்று கொஞ்சம் வேகமாகப் பதில் சொல்லிவிட்டால், கடவுச்சொல் பட்டியலை அவனிடமே போய்க் கேட்கும். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயும் கோளாறு வரும். கத்தல் ரூட்டரைத் தாண்டாது. அடுத்த மாடியில் வேறு வலைப்பிரிவு என்றால், அங்கேயும் ஒரு துணை சர்வர் வைத்தாக வேண்டும். அது பழைய பட்டியலை வைத்துக்கொண்டிருந்தால் கீழ் மாடியில் வேலை செய்கிற கடவுச்சொல் மேல் மாடியில் வேலை செய்யாது. அதனால்தான் சன் கூடவே "ஒய்பி-விச்" என்று ஒரு கட்டளை கொடுத்தது. அடித்தால், "நீ இப்போது யாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்" என்பதற்குப் பதிலாக ஒரு சர்வரின் பெயரைச் சொல்லும். விஷயம் தெரிந்த யுனிக்ஸ்காரர்கள் முதலில் அடித்துப் பார்த்தது அதைத்தான். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். டி.ஹெச்.சி.பி. (1993) என்ற முறையும் அடிப்படையில் இதே கூப்பாடுதான். இன்று நம் செல்போன் வைஃபையில் சேர்வது அதனால்தான். ஒரு கல்லூரி லேபில் ஒரு நாள் பாதி மெஷின்கள் மட்டும் சர்வரைக் காணாமல் தவித்தன. கூடவே இருந்து பார்த்தேன். லேப் உதவியாளர் அண்ணன் சர்வர் அறைக்கே போகவில்லை. வேலை செய்யும் மெஷினையும் செய்யாத மெஷினையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் எண் கொடுத்தது யார் என்று பார்த்தார். செய்யாதவற்றுக்கெல்லாம் எண் கொடுத்தது வேறொரு பெட்டி. யாரோ ஒரு சின்ன வைஃபை ரூட்டரைக் கொண்டுவந்து சுவரில் இருந்த பிளக்கில் செருகியிருந்தார்கள். மெஷின்கள் "சர்வர்!" என்று கத்த, அது முந்திக்கொண்டு "இதோ வந்துட்டேன்" என்றிருக்கிறது. பத்து நிமிஷத்தில் முடிந்தது. சர்வரை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தால் அன்று முழுக்க முடிந்திருக்காது.

டி.என்.எஸ். இப்படிக் கத்துவதில்லை, குறிப்பிட்ட எண்ணுக்குத்தான் கேள்வி அனுப்புகிறது. ஆனாலும் பதில் அங்கிருந்துதான் வந்தது என்பதற்கு அதிக சாட்சி கிடையாது. கேள்வியில் ஒரு டோக்கன் நம்பர் இருக்கும், பதிலில் அதே நம்பர் இருந்தால் ஏற்றுக்கொள்ளும். மொத்தமே 65,536 நம்பர்தான். 2008-ல் டான் கமின்ஸ்கி, இதை ஊகித்துப் பொய்ப்பதிலை முந்தி அனுப்புவது எல்லோரும் நினைத்ததைவிட மிகச் சுலபம் என்று கண்டுபிடித்தார். இல்லாத பெயர்களைக் கேட்க வைத்துக்கொண்டே இருந்தால், எத்தனை முறை வேண்டுமானாலும் ஊகிக்கலாம். ஒரு முறை சரியாக விழுந்தால், அந்த நிறுவனத்தின் மொத்தப் பெயர்களையும் தன் பக்கம் திருப்பிவிடலாம். பேங்க் என்று நினைத்து வேறு எங்கோ போய் நிற்போம். அந்த ஜூலை 8-ம் தேதி பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஒரே நாளில் திருத்தம் வெளியிட்டன. கேள்வி கிளம்பும் வாசலையும் ஒவ்வொரு தடவையும் மாற்றுவதுதான் திருத்தம், பொய் சொல்பவன் ஊகிக்க வேண்டியது பல மடங்கு கூடிவிடும். (டேனியல் பெர்ன்ஸ்டைன் என்பவர் தன் மென்பொருளில் இதை வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தார். மற்றவர்கள் கண்டுகொள்ளவில்லை.) பதிலின் மேல் கையெழுத்தே போட்டுவிடும் டி.என்.எஸ்.செக் முறை, உச்சியில் இருக்கும் ரூட் பட்டியலுக்கு 2010 ஜூலையில் வந்தது.

இப்போது கொஞ்சம் பின்னால் போய் சென்னைக்கு வருவோம்.

ரூட் சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள். அன்றைய டி.என்.எஸ். பதில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும், அதற்குள் 13 முகவரிகள்தான் வசதியாக இடம்பிடிக்கும், அதனால்தான் 13. 2002 அக்டோபர் 21 அன்று யாரோ 13-ன் மேலும் ஒரே நேரத்தில் குப்பைத் தகவலை வெள்ளமாக விட்டார்கள். சுமார் ஒரு மணி நேரம். பெரும்பாலான மக்களுக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் நடத்துகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். அந்தச் சமயத்திலிருந்து எனிகாஸ்ட் என்ற ஏற்பாடு வேகம் பிடித்தது. ஒரே எண்ணை உலகத்தில் பல இடங்களில் பல மெஷின்களுக்குக் கொடுத்துவிடுவது, கேள்வி வலைவழியில் அருகில் இருப்பதற்குப் போய்ச் சேரும். ஒரே யூனிஃபார்மில் பத்து சர்வர், பத்துப் பேருக்கும் ஒரே பெயர்!

எஃப் ரூட்டை நடத்துவது ஐ.எஸ்.சி. என்ற அமைப்பு, பைண்டைப் பராமரிப்பவர்களும் அவர்களே. 1994-ல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் நம்ம ரிக் ஆடம்ஸ், கூட பால் விக்ஸியும் கார்ல் மாலமுத்தும். அந்த எஃப் ரூட்டின் ஒரு நகல் 2005-ல் சென்னைக்கு வந்தது. கூடவே மும்பைக்கு ஐ, டெல்லிப் பக்கம் கே. நிக்ஸி என்ற அமைப்பு (2003-ல் உருவானது) ஏற்பாடு செய்தது. அதற்கு முன்பு, நம் ஊரில் ஒரு நிறுவனத்தின் இணைப்பிலிருந்து பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு அனுப்பும் தகவல்கூட பல நேரம் அமெரிக்கா போய்த்தான் திரும்பி வரும். திருவையாற்றிலிருந்து கண்டியூர் போக சிங்கப்பூர் வழியாக டிக்கெட்.

சரி, ஒரே எண்ணில் உலகம் முழுக்க எத்தனையோ மெஷின். எஃப் ரூட்டின் எண் 192.5.5.241. அதற்குக் கேள்வி அனுப்புகிறேன், தப்பான பதில் வருகிறது அல்லது ஆமை வேகத்தில் வருகிறது. பதில் சொன்னது சென்னையா, கலிபோர்னியாவா? எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. அன்று ஒய்பி-விச் கேட்ட அதே கேள்வி, இப்போது உலக அளவில்.

பைண்ட்காரர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். "ஹோஸ்ட்நேம்.பைண்ட்" என்ற பெயரைக் கேட்டால், பதில் சொல்கிற மெஷின் தன் சொந்தப் பெயரைச் சொல்லும். சாதாரண இணையப் பெயர்களோடு குழம்பாமல் இருக்க, இந்தக் கேள்வியை "கேயாஸ்" என்ற தனி வகையில் கேட்க வேண்டும். கேயாஸ்நெட் என்பது 1970-களில் எம்.ஐ.டி.யில் ஓடிய ஒரு வலை, அது செத்துப் பல காலம் ஆகிவிட்டது. டி.என்.எஸ். எழுதியபோது அதற்காக ஒதுக்கிய இடம் காலியாகக் கிடந்ததால் இதற்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஐ.எஸ்.சி. தன் நகல்களுக்கு அந்தந்த ஊர் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியைப் பெயரில் வைத்தது. சென்னைக்கு அந்தக் குறி எம்.ஏ.ஏ. ஊர் பெயர் மாறினாலும் குறி மெட்ராஸ் காலத்திலேயே நிற்கிறது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2007-ல் வந்த ஆர்.எஃப்.சி. 4892 அதை விளக்குகிறது. நான் முதலில் என் கேள்வியைக் கேட்கிறேன், தப்பான பதில் வருகிறது. பிறகு தனியாக "நீ யார்?" என்று கேட்கிறேன். இரண்டும் தனித்தனிப் பாக்கெட். நடுவில் வழி மாறியிருக்கலாம். முதல் பதிலைச் சொன்னது ஒருவர், "நான் சென்னை" என்று சொன்னது இன்னொருவர். தப்புச் செய்தவரை விட்டுவிட்டு, பாவம் சென்னையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருப்போம்.

தணிக்கைப் பாடம் படித்தவர்களுக்கு இது உடனே உறைக்கும். பணம் கொடுத்த வவுச்சர் ஒரு பைலில், கேஷியர்கள் யார் யார் என்ற பட்டியல் இன்னொரு பைலில் இருந்தால் எதையும் நிரூபிக்க முடியாது. கொடுத்தவரின் இனிஷியல் அந்த வவுச்சரிலேயே இருக்க வேண்டும். ஹோட்டலிலும் அப்படித்தான், சில இடங்களில் பில்லிலேயே டேபிள் நம்பரும் சர்வர் யார் என்ற குறியும் இருக்கும். அதே 2007-ல் ராப் ஆஸ்டீன் எழுதிய ஆர்.எஃப்.சி. 5001 செய்தது இதைத்தான். என்.எஸ்.ஐ.டி. என்று பெயர். கேட்கிறவர் தன் கேள்வியோடு சேர்த்து "பதில் சொல்றவர் பெயரையும் போடுங்க" என்று ஒரு குறிப்பு வைக்கலாம். பதில் வரும் அதே பாக்கெட்டுக்குள் பதில் சொன்ன மெஷினின் பெயரும் வரும்.

டி.என்.எஸ்.செக் கையெழுத்து, சொன்ன விஷயம் உண்மையா என்று காட்டும். என்.எஸ்.ஐ.டி. அதை யார் கொண்டுவந்து கொடுத்தது என்று காட்டும். இரண்டும் வேறு வேறு கவலை, பெயரை எவனும் பொய்யாக எழுதிக்கொள்ளலாம் என்பதால் பின்னது கோளாறு பார்க்க மட்டும்தான். ஆனால் கோளாறு பார்ப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. லினக்ஸ் மெஷினில் 'டிக்' கட்டளையோடு கூட்டல் குறி போட்டு என்.எஸ்.ஐ.டி. என்று சேர்த்தால் போதும், மறுமுனையில் அந்த வசதியை இயக்கி வைத்திருந்தால் பதிலோடு பெயரும் வந்து நிற்கும். சேர்க்காவிட்டால் பதில் மட்டும்தான் வரும்.